ஒரு தூவிகூட இருக்கக் கூடாது

ஜனவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. உன் சளி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இதற்கெல்லாம் ஒழுங்கான பதில் வேண்டும். போனில் கேட்டால் ‘ம்’ என்பாய். கடிதத்தில் ‘ம்’ என்று மட்டும் எழுதி ஸ்டாம்பு ஒட்ட உனக்கே வெட்கமாக இருக்கும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். இந்த அக்டோபரில் போகிறோம். எங்கே என்று கேட்டால் அடிப்பேன். அப்போது உனக்கு ஆறு வயது. அப்பா என்கிற அந்த ஆள் லாரியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வராத வாரம். நீ மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. “மலைக்கு மேல ஒரு ஏரி இருக்கு. பன்னண்டு நாள் நடந்தாத்தான் வரும். நீ பெரியவனானதும் நாம ரெண்டு பேரும் போவோம். நடக்கணும்னா சாப்பிடணும்” என்று சொல்லித்தான் உனக்கு ஊட்டினேன். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பதினேழு. இருபத்தாறு வருஷமாகச் சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு எடுத்ததில்லை. போன வாரம் முதலாளியம்மாவிடம், ஏறப் பன்னிரண்டு, இறங்க ஆறு, பஸ்ஸுக்கு இரண்டு என்று இருபது நாள் கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, வந்திருப்பது நான்தானா என்று பார்த்தார்.

போர்வைகளைக் கடையில் வாங்கப் போவதில்லை. நானே தைக்கிறேன். மலையேறுகிறவர்கள் முதுகில் கட்டிக்கொண்டு போகிற தூக்கப்பையை ஒன்று பிரித்துப் பார்த்தேன். நாம் படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கிற பஞ்சு அமுங்கிவிடும். அமுங்கிய பஞ்சுக்குச் சூடு கிடையாது, வெறும் சுமைதான். அதனால் கீழ்ப்பக்கமே இல்லாத போர்வை. கால்மாட்டில் மட்டும் பை மாதிரி மூடியிருக்கும். கழுத்துக்குச் சுருக்குக் கயிறு.

உள்ளே எதை அடைப்பது என்பதில்தான் உன் யோசனை வேண்டும். வாத்தின் நெஞ்சில், இறகுக்கு அடியில் இருக்கிற மெல்லிய தூவி ஒன்று. கனமே இருக்காது, நல்ல சூடு, நனைந்தால் போச்சு. பாலியஸ்டர் பஞ்சு இன்னொன்று. நனைந்தாலும் சமாளிக்கும், ஆனால் அதே சூட்டுக்கு இரண்டு பங்கு கனம், மடித்தால் மூட்டை. கம்பளிப் பஞ்சும் இருக்கிறது, அதைத் தூக்க ஒரு கழுதை வேண்டும். நீ வருவாய், ஆனால் பன்னிரண்டு நாள் தாங்கமாட்டாய்.

யோசித்து எழுது. தலையைத் துவட்டாமல் படுக்காதே.

அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

ம்.

பயப்படாதே, இன்னும் எழுதுகிறேன். சளி விட்டது. வேளைக்குச் சாப்பிடுகிறேன். அம்மாவின் தனிக்கட்சிக்குச் சூடான ஒத்தடம் கொடுத்துச் சமாதானம் பேசு.

இங்கே ஆற்றின் இரண்டு கரையிலும் பாலத்துத் தூண்கள் எழும்பிவிட்டன. நாள் முழுக்க முக்காலியின் மேல் அளவைக் கருவியை வைத்து ஒற்றைக் கண்ணால் எதிர்க்கரையைப் பார்க்கிறேன். சாயங்காலம் தகரக் கூரை அறைக்கு வந்த பிறகும் இடது கண் மூடியே இருக்கிறது. சமையல்காரர் நான் அவரைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நினைத்துக் கொஞ்ச நாள் பேசவில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த ஏரி எனக்கு மறக்குமா? பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் அதைத்தானே வரைந்தேன், நீலக் கலர் தீரும்வரை.

தூவிதான் அக்கா, சந்தேகமே வேண்டாம். தோளில் குறைகிற ஒவ்வொரு பிடியும் காலுக்குப் புண்ணியம். பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போனால் நனையாது. என் உயரம் ஐந்தரை அடிக்கு மேல் வளரவில்லை, பழைய அளவே போதும்.

நீ நிஜமாகவே லீவு கேட்டாயா? கேட்டபோது உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்போல் இருக்கிறது.

தம்பி

பிப்ரவரி 20

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். ஒத்தடம் நடக்கிறது, பேச்சுவார்த்தை இழுக்கிறது.

தூவி கிடைத்துவிட்டது. மூடிப்போன ஹோட்டலில் மெத்தைப் போர்வைகளை மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். ஆறு எடுத்து வந்தேன். பிரித்து, மெல்லிய சோப்பில் அலசி, மொட்டைமாடியில் கொசுவலைக்குள் போட்டு எட்டு நாள் காயவைத்தேன். ஈரத்தில் நாற்றம் குடலைப் பிடுங்கியது. காய்ந்ததும் மேகத்தைப் பிடித்து வலைக்குள் அடைத்த மாதிரி உப்பிக்கொண்டது. ஊறுகாய் ஜாடியில் ஒரு பிடி போட்டு, மேலே அட்டை வைத்து அமுக்கி, கையை எடுத்தால் அட்டையைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறது. இரண்டாவது நாளும் எழும்பியது. நல்ல சரக்கு.

போர்வையை இருபது அறையாகப் பிரித்திருக்கிறேன். மேல்துணிக்கும் கீழ்த்துணிக்கும் நடுவில் கொசுவலைப் பட்டியைச் சுவராக வைத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் தூவியெல்லாம் காலுக்கு ஓடி நெஞ்சு காலியாகிவிடும். அடைக்கிற வேலையைக் குளியலறையில் வைத்துக்கொண்டேன். ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, சமையலறைத் தராசில் ஒவ்வொரு அறைக்கும் பதினைந்து கிராம். ஒரு தும்மல் போட்டேன், அவ்வளவுதான், அரைமணி நேரம் சுவரைச் சுரண்டினேன். அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “இந்த வீட்டுக்குள்ள இறகு நுழையும்னு நான் நெனைக்கவே இல்ல” என்றாள். சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் உடனே கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

என்னுடைய போர்வை முடிந்துவிட்டது. உன்னுடையது வெட்டி வைத்திருக்கிறேன். மீதித் தூவி இரண்டு மூட்டை, பரணில்.

முதலாளியம்மா அக்டோபர் ஒன்றிலிருந்து இருபது வரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். உனக்கு அந்தத் தேதி சரியா? மறக்காமல் எழுது. நகத்தைக் கடிக்காதே.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆசை. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வேலை விஷயமாக இரண்டு வாரம் பக்கத்து நகரத்தில் தங்க வேண்டியதாகிவிட்டது.

போர்வையைப் பற்றி மறுபடி யோசித்தேன். பாலியஸ்டர்தான் நல்லது என்று படுகிறது. மலையில் எப்போது மழை பெய்யும் என்று சொல்ல முடியாது. நனைந்த தூவியோடு பன்னிரண்டாவது நாள் ஏரிப்பக்கம் நடுங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுமக்கலாம். என்னுடையதில் இன்னும் அடைக்கவில்லையே, அதில் பாலியஸ்டரே போட்டுவிடு.

இன்னொன்று. இங்கே எங்களோடு இருக்கும் டிரைவர் ஒருவருக்கும் ஒரு போர்வை வேண்டும். அவருக்கும் நடை என்றால் விருப்பம். உயரம் ஆறடி இரண்டு அங்குலம். தோள் அகலம் கொஞ்சம் அதிகமாகவே வை. சுருக்குக் கயிறு இடதுபக்கம் வரட்டும், அவருக்கு இடதுகைப் பழக்கம். அவருக்கும் பாலியஸ்டர்தான்.

சிரமம் கொடுக்கிறேன் என்று தெரியும்.

தம்பி

ஏப்ரல் 11

தம்பிக்கு,

அம்மாவும் நானும் சுகம். உன் கடிதத்துக்குத்தான் உடம்பு சரியில்லை போல் இருக்கிறது. அரைப் பக்கத்தில் மூச்சு வாங்குகிறது.

மழை என்றாய். சரி, சோதித்துப் பார்த்துவிட்டேன். உள்ளங்கை அளவில் இரண்டு குட்டித் தலையணை தைத்தேன், ஒன்றில் தூவி, ஒன்றில் பாலியஸ்டர். வாளியில் ஒரே நேரத்தில் முக்கி எடுத்தேன். தூவி நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி ஒடுங்கிப்போனது, ஒப்புக்கொள்கிறேன். பாலியஸ்டர் பிழிந்ததும் பாதி எழும்பியது. ஆனால் யார் உன்னைப் போர்வையை வாளியில் முக்கச் சொன்னது? நைலான் துணி மேல் தண்ணீர் தெளித்தேன், முத்து முத்தாக உருண்டு ஓடிவிட்டது. ஜனவரியில் இதையேதான் நீ எனக்குச் சொன்னாய். இப்போது யார் உன் காதில் ஓதுகிறார்கள்?

காய்ந்த பிறகு இரண்டு குட்டித் தலையணையையும் இத்துடன் அனுப்புகிறேன். கன்னத்தில் வைத்துப் பார். கன்னம் பொய் சொல்லாது.

டிரைவருக்குத் தைக்கிறேன், அதிலென்ன. யார் அவர்? கல்யாணமானவரா? வழியெல்லாம் பாட்டுப் பாடுகிறவராக இருந்தால் இப்போதே சொல்லிவிடு. ஆறடி இரண்டு அங்குலம் என்றால் கால் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

நடக்கிற ஷூ வாங்கிவிட்டேன். பழக்க வேண்டும் என்று வேலைக்கும் அதையே போட்டுக்கொண்டு போகிறேன். மெஷின் பெடலை அதோடு மிதித்தால் தையல் குதிரையாக ஓடுகிறது, பக்கத்து மெஷின்காரிகள் சிரித்துச் சாகிறார்கள். மாடிப்படியில் தினமும் முப்பது தடவை ஏறி இறங்குகிறேன்.

லீவுத் தேதி சரியா என்று கேட்டிருந்தேன். அதற்கு நீ பதில் எழுதவில்லை.

அக்கா

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். பாலத்தில் நடுப்பகுதி ஏற்றுகிற வேலை, மூச்சுவிட நேரமில்லை.

குட்டித் தலையணைகள் வந்தன. தூவி வைத்ததை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இங்கே வைக்க இடமில்லை. பாலியஸ்டர் நன்றாக இருக்கிறது. தூவியை எடுக்க வாத்துகளைப் படுத்துகிற பாட்டைப் பற்றி ஒருவர் சொன்னார். அதைக் கேட்ட பிறகு மனசு ஒப்பவில்லை.

ஒரு உதவி. அந்த இரண்டு போர்வையையும் தைக்கும்போது மேசையை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிடு. மெஷினைக் கழற்றி உள்ளே இருக்கிற தூசியை எடு. ஊசியை மாற்று. முடித்ததும் சுடுநீரில் ஒரு தடவை அலசிவிடு. ஒரு தூவிகூட இருக்கக் கூடாது. டிரைவர் ரொம்பச் சுத்தம் பார்ப்பவர்.

பிறகு, அக்கா, கோபப்படாமல் கேள். இந்த வருஷம் நீ வர வேண்டுமா என்று யோசிக்கிறேன். அம்மாவின் முழங்காலை வைத்துக்கொண்டு இருபது நாள் எப்படி? ஏற்றமும் நினைத்ததைவிடக் கடினம் என்கிறார்கள். இந்தத் தடவை நான் போய் வழியைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். அடுத்த வருஷம் நாம் இருவரும் நிச்சயமாகப் போவோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 8

தம்பிக்கு,

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்கால்கூடச் சமாதானமாகிவிட்டது, நேற்று அவளே மாடிக்கு ஏறி வந்து துணி எடுத்தாள். கீழ்வீட்டு நர்ஸ் இருபது நாளும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மார்ச்சிலேயே சொல்லிவிட்டாள். எனவே அந்தக் காரணம் செல்லாது.

வாத்துக் காரணமும் செல்லாது. நாலு முட்டையை நின்றபடி விழுங்குகிறவனுக்கு மே மாதத்தில் திடீரென்று பறவைப் பாசம். இது உயிரோடு பிடுங்கிய தூவி இல்லை, பழைய ஹோட்டல் போர்வை. அந்த வாத்துகள் நீ பள்ளிக்கூடம் போகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டன.

எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்த வரியைப் படித்துவிட்டு ஷூவைக் கழற்றி வைத்தேன். பிறகு வேறு செருப்பு கைக்கு அகப்படாததால் அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பக்கத்து மெஷின்காரி, “இன்னிக்கு எத்தனை படி?” என்றாள். முப்பது என்று பொய் சொன்னேன். நான் கூட வந்தால் உனக்கு என்ன இடைஞ்சல் என்று எழுது. குறட்டையா? அதிகாரமா? எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நீ திருப்பி அனுப்பிய தூவித் தலையணையைப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குமேல் இன்னொரு பை, இரண்டுக்கும் ரப்பர் பேண்ட். செத்த எலியைக்கூட யாரும் அவ்வளவு பத்திரமாகக் கட்டமாட்டார்கள். உன் அறையில் உள்ளங்கை அளவு இடமா இல்லை?

டிரைவர் போர்வையை வெட்டிவிட்டேன். அவ்வளவு நீளத்தை என் மேசை கண்டதில்லை, கால்மாட்டுக்கு ஸ்டூல் போட்டேன். அம்மா வந்து கழுத்திலிருந்து கால்வரை துணியைத் தடவிக்கொண்டே நடந்தாள். “இன்னும் ரெண்டு விரல் விடு. காலை நீட்டித்தான் தூங்குவாங்க” என்றாள். யார் என்று கேட்டேன். “நெட்டையா இருக்கறவங்கதான், வேற யாரு” என்றாள்.

அந்த டிரைவர் யார்? ஏப்ரலில் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

அக்கா

ஜூலை 2

தம்பிக்கு,

நீ பதில் எழுதவில்லை. இனி அந்தக் கேள்விக்கு எழுத வேண்டியதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் பட்டியல்படியே உட்கார்ந்தேன். ஊசியை மாற்றினேன். மெஷினைக் கழற்றினேன். ஈரத்துணி எடுக்க எழுந்தபோது அம்மா நாலாக மடித்துப் பிழிந்த துணியோடு பக்கத்தில் நிற்கிறாள். “மெஷினுக்கு அடியிலயும் துடை. அங்கதான் ஒட்டிக்கிட்டு இருக்கும்” என்றாள்.

உன் மே மாதக் கடிதத்தை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. என்னை வரவேண்டாம் என்று நீ எழுதியிருந்ததால் ஒளித்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு அது தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அப்புறம் எதற்காகத் துடைக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அம்மா அப்படித் துணியை நாலாக மடித்து நின்றதை இதற்கு முன்னும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு எட்டு வயது. தோழி வீட்டிலிருந்து இறகுத் தலையணை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு மணி நேரத்தில் அந்த ஆளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. உதடு நீலமாகிவிட்டது. அம்மா தலையணையைத் தெருவில் எறிந்துவிட்டு, வீட்டை மூலை மூலையாக ஈரத்துணியால் துடைத்தாள். அலமாரிக்கு அடியில், கட்டிலுக்கு அடியில். அன்றிலிருந்து இந்த வீட்டில் பஞ்சுதான். அவர் போன பிறகும் பஞ்சுதான், யாரும் மாற்ற நினைக்கவில்லை. நீ அப்போது பிறக்கவில்லை, உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது.

டிரைவர். ஆறடி இரண்டு. இடதுகை. நான் அளவு பார்த்துப் பிழைக்கிறவள். மூன்று மாதமாக அந்த அளவைத் தாளில் குத்தி மேசைக்கு மேலே மாட்டிவைத்துக்கொண்டு எனக்குத் தெரியவில்லை என்றால், அது அவரை நான் அவ்வளவு தூரம் தள்ளி வைத்திருந்ததால்தான்.

“யாருக்கும்மா இது?” என்று கேட்டேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “ரெண்டு வருஷமா அவன் போய்ப் பாத்துட்டு வரான். உனக்குச் சொன்னா நீ தாங்க மாட்டேன்னுதான் சொல்லல.” நான் வேலைக்குப் போனதும் தினமும் பன்னிரண்டு மணிக்கு உன் போன் வருமாம். நீயும் அம்மாவும் பேசுவீர்களாம். அவருக்கு உடம்பு எப்படி, சாப்பிட்டாரா என்றெல்லாம். எனக்குத்தான் ‘ம்’.

நீ அவரைப் பார்த்தாய் என்பதில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அந்தக் கோபத்தை நான் விழுங்கியிருப்பேன், அவர் உனக்கும் அப்பாதான். இதை விழுங்க முடியவில்லை. எனக்குத் தெரியாமல் என் கையாலேயே அவருக்குத் தைக்க வைத்தாய். கழுத்தில் கயிறு எந்தப் பக்கம் வர வேண்டும் என்றுகூட என்னிடமே சொல்லி வாங்கிக்கொண்டாய். என் இடத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறாய்.

இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. மூன்று பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் மெஷினோடு.

அக்கா

ஜூலை 24

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நீ எழுதியதெல்லாம் உண்மை. இரண்டு வருஷம் முன்பு பாலத்துக்குச் சரளைக்கல் ஏற்றி வந்த லாரி ஒன்றில் அவர் வந்து இறங்கினார். ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அம்மாவிடம் இருக்கிற படத்து முகம் மாறியிருந்தது, நடை மட்டும் அப்படியே என் நடை. நம்மை விட்டுப் போய் அவர் யாரோடு இருந்தாரோ அந்தப் பெண்மணி இறந்துவிட்டார். வேறு யாரும் இல்லை. இப்போது லாரியும் ஓட்ட முடியவில்லை, நுரையீரல் சரியில்லை. இந்த வருஷம் நடக்கலாம், அடுத்த வருஷம் முடியாது என்று டாக்டர் சொல்கிறார்.

ஜனவரியில் உனக்கு எழுதியது பொய் இல்லை. உன்னோடு போகத்தான் நினைத்தேன். மார்ச்சில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பேச்சுவாக்கில் ஏரியைப் பற்றிச் சொன்னேன். அவர் அழுதுவிட்டார் அக்கா. “நீ சின்னப் பையனா இருந்தப்ப அந்த ஏரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு உனக்குச் சொல்லியிருந்தேன். அந்த ஒண்ணையாவது செஞ்சுட்டுப் போறேன்” என்றார். எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆனால் அப்பா எனக்கு ஏதோ ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தார் என்று கேட்டதும் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. நீ வந்தால் அவர் வரமாட்டார். அவர் வந்தால் நீ வரமாட்டாய். உனக்கு அடுத்த வருஷம் இருக்கிறது என்று நினைத்தேன்.

போர்வையைக் கடையில் வாங்கியிருக்கலாம். ஏன் உன்னிடம் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ தைத்தால் நீயும் ஒருவிதத்தில் ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. அது தப்பு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இப்போதே கேட்காவிட்டால் தைரியம் போய்விடும். நடை முடிந்ததும் ஒரு நாள் அவரை வீட்டுக்கு அழைத்து வரட்டுமா? அம்மா சரி என்றாள். நீ சரி என்றால்தான் வருவேன்.

தம்பி

ஆகஸ்ட் 10

தம்பிக்கு,

இரண்டு போர்வையும் பார்சலில் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்திருக்கும். இரண்டிலும் பாலியஸ்டர், உதிரிப் பஞ்சாக வருவது. அறைகளை நான் தைத்தேன், பஞ்சை அம்மா அடைத்தாள். நான் அடைக்கமாட்டேன் என்று சொன்னதும் அவள் தராசை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். பெரிய போர்வையில் நெஞ்சுப்பக்கத்து அறைகளில் இரண்டு பிடி கூடவே வைத்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ சொன்ன மாதிரியே சுடுநீரில் அலசிவிட்டேன். தேடிப் பார், ஒரு தூவிகூட இருக்காது. வேலையில் நான் யாரையும் ஏமாற்றுவதில்லை.

உனக்கு ஞாபகம் இல்லாத அந்த விஷயம். ஞாபகம் இருக்காது. அந்த ஏரியைப் பற்றி அவர் சொன்னது எனக்கு. எனக்கு அப்போது பத்து வயது. அவர் லாரியில் முன்சீட்டில் உட்காரவைத்துக் கண்ணாடி வழியே மலையைக் காட்டி, “அதுக்கு மேல ஒரு ஏரி இருக்கு. பன்னண்டு நாள் நடந்தாத்தான் வரும். நீ பெரியவளானதும் நாம ரெண்டு பேரும் போவோம்” என்றார். நீ அப்போது அம்மா வயிற்றில்கூட இல்லை. அவர் போன வாரம் நீ சாப்பிடாமல் அழுதபோது உன்னைச் சமாதானப்படுத்த என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், எடுத்து உனக்குக் கொடுத்துவிட்டேன். யார் சொன்னது என்று உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான் நான் மறைத்தது.

அவர் யாருக்குச் சொன்னோம் என்பதையே மறந்துவிட்டார். நீ அதை வாங்கி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாய். போய்விட்டு வாருங்கள். அதற்கு இனிமேல் நான் தேவையில்லை.

வீட்டுக்கு அழைத்து வரட்டுமா என்று கேட்டாய். பரணில் இரண்டு மூட்டைத் தூவி மீதி இருந்ததே, அதை இறக்கினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு தலையணையையும் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டுத் தூவியை அடைத்தேன். சோபாத் திண்டு, நாற்காலி மெத்தை, கதவுக்குப் பக்கத்தில் செருப்பு மாட்ட உட்காருகிற ஸ்டூல் வரைக்கும். உன் கட்டில் தலையணையும்தான். அம்மா தன்னுடையதை மட்டும் தரமாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அது பஞ்சாகவே இருக்கிறது. வேறு எதிலும் பஞ்சு இல்லை. தையலைச் சும்மா தளர்வாகத்தான் போட்டிருக்கிறேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் வெயிலில் பறப்பது தெரிகிறது. அவரால் எங்கள் வாசலில் பத்து நிமிஷம் நிற்க முடியாது. உன் கேள்விக்கு அதுதான் பதில்.

நீ வரலாம். உன்னை வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு வா. தூவி சட்டையில் ஒட்டும், தலைமுடியில் ஒட்டும். இங்கே ஒரு நாள் படுத்துவிட்டு நேராக அவரிடம் போனால் அவருக்கு மூச்சு இழுக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் நீ எனக்கு எழுதிய அந்தப் பட்டியலை நீயே செய்ய வேண்டியிருக்கும். சுடுநீரில் அலச வேண்டும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். என் வீட்டில் இருந்ததற்கான ஒரு அடையாளம்கூட மிச்சமில்லாமல் துடைத்துவிட்டுத்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார முடியும். எனக்குத் தெரியாமல் இரண்டு வருஷம் செய்தாயே, இனி தெரிந்தே செய்.

ஏரிப்பக்கம் குளிரும். காதை மூடிக்கொண்டு படு.

அம்மா நலம். என் நலத்தை அவளிடமே பன்னிரண்டு மணிக்குக் கேட்டுக்கொள்.

அக்கா